கூத்துக்கு மானியம் கேட்பது இரப்பன்று

பிரதேச சபையிடம் வீதிக்குக் கிரவல் கேட்டு எழுதும் கமக்காரன் கூசுவதில்லை. சந்தைக்குக் கூரை கேட்டு எழுதும் வணிகனும் கூசுவதில்லை. ஆனால், தன் பாட்டன் ஆடிய கூத்தைத் தன் பிள்ளையும் ஆடவேண்டும், அதற்குப் பணம் வேண்டும் என்று எழுதப் புகும்போது மட்டும் நம்மவர் பேனா வளைந்துவிடுகிறது. "வறிய கலைஞர்களாகிய எம்மீது இரக்கங் கூர்ந்து" என்றும், "தங்கள் மேலான தயவை நாடி" என்றும் அது இரந்து நிற்கிறது. இவ்வழக்கத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கின்றோம். எழுதியவரை நாம் குறை கூறவில்லை. அவ்வாறு எழுதினாலன்றி எதுவும் கிடையாது என்று அவரை நம்பவைத்தவர் எவரோ, அவரே குற்றவாளி.

சபையின் பணம் யாருடைய பணம்? சோலைவரி கட்டுபவர் யார்? சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவர் சபைக்குச் செலுத்தும் தொகை, ஈற்றிலே கத்தரிக்காய் மூட்டையோடு விடியற்காலையில் வந்து நிற்கும் தோட்டக்காரன் தலையிலன்றோ விழுகிறது? காணி கைமாறும்போது பெறப்படும் முத்திரைத் தீர்வை எந்த மண்ணுக்கு உரியது? கொழும்பிலிருந்து கிடைக்கும் பங்கும் கூட, சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் கொடுக்கும் வரியிலிருந்து திரும்பி வரும் ஒரு சிறு துண்டே. கொடுத்தவன் கேட்கிறான். இதில் இரப்பு எங்கே வந்தது?

கேட்பதற்கு ஆள் இல்லாதிருந்த காலம் ஒன்று இருந்தது, உண்மைதான். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தாற் பிறந்த பிரதேச சபைகள், 2023 மார்ச்சில் உறுப்பினர் காலம் முடிந்தபின் செயலாளர்களின் கையிலேயே கிடந்தன. அவ்வாண்டு நடந்திருக்க வேண்டிய தேர்தல், பணமில்லை என்ற சாட்டோடு பின்தள்ளப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் நாளிலேதான் வாக்களிக்க முடிந்தது. வட மாகாண சபையோ 2018 ஒக்டோபரிற் காலம் முடிந்து ஆளுநர் கைக்குப் போயிற்று. ஆகவே ஊருக்குள் நின்று, பெயர் சொல்லி அழைத்துக் கேட்கக்கூடிய மக்கள் பிரதிநிதி என்று எவரும் உண்டாயின், அவர் 2025இல் நம் படலைக்கு வந்து வாக்குக் கேட்ட பிரதேச சபை உறுப்பினரே. அவர் வந்தபோது கூசவில்லை. நாம் ஏன் கூசவேண்டும்?

கேட்க முன்வந்த மன்றங்களுக்கும் வேறொரு தடை உண்டு. அதனைச் சற்று விரிவாகக் கூறவேண்டியுள்ளது. சபையின் ஆண்டு தை முதலாம் நாள் பிறந்து மார்கழி முப்பத்தோராம் நாள் மடிகிறது என்பது திறைசேரிக் கணக்கு. கூத்தின் ஆண்டு அவ்வாறு பிறப்பதில்லை. வன்னியிலும் மட்டக்களப்பிலும் பெரும்போக நெல் வெட்டி, சூடடித்து, மூட்டை வீடு வந்து சேர்ந்த பின்னரே அண்ணாவியார் மத்தளத்தை இறக்குவார். பகலெல்லாம் வயலில் நின்றவர்களே இரவில் ஆட்டம் பழகுகிறார்கள். சதங்கை அணிவதும் அரங்கேறுவதும் அடுத்த விதைப்புக்கு முன்னர் முடிந்தாக வேண்டும். மாதோட்டத்துக் கத்தோலிக்க ஊர்களிலே புனிதரின் திருநாளையொட்டிக் கூத்து அமைகிறது. அந்நாளை எந்தச் செயலாளரும் மாற்ற முடியாது. சபைப் பணம் வெளிவருவது எப்போது? விண்ணப்பம் கோரி, குழு கூடி, தீர்மானம் நிறைவேறி, கோவை மேசைக்கு மேசை நடந்து, கார்த்திகை மார்கழியிலே ஒருநாள், "இம்மாத முடிவுக்குள் செலவு செய்து பற்றுச்சீட்டுச் சமர்ப்பிக்குக" என்ற கடிதம் வருகிறது. வெளியே வடகீழ்ப் பருவக்காற்று அடித்து மழை கொட்டுகிறது. களரி போடவேண்டிய வெளியில் முழங்கால் வெள்ளம். அருச்சுனன் ஆடவேண்டியவன் வயலில் வரம்பு கட்டிக்கொண்டிருக்கிறான். பின்பு, "நிதி ஒதுக்கினோம், கலைஞர்கள் பயன்படுத்தவில்லை" என்று அறிக்கை எழுதப்படுகிறது!

படிவத்தின் வினாக்களும் இவ்வகையினவே. மூன்று இடங்களில் விலைமனுப் பெற்று இணைக்கவேண்டும் என்பது ஒரு விதி. நாற்காலி வாங்குவதற்கு நல்ல விதி. வடமோடி அரசனுக்குக் கரப்புடுப்புக் கட்டத் தெரிந்தவர் ஒரு பகுதியில் ஒருவர் இருந்தாலே பெரும்பேறு. மற்ற இருவரை எங்கே தேடுவது? சென்ற ஆண்டுகளில் ஆற்றிய நிகழ்வுகளுக்குச் சான்று வேண்டும் என்பது இன்னொரு விதி. 2009 வரை இடம்பெயர்ந்து, இடம்பெயர்ந்து, ஏட்டையும் கொப்பியையும் உடுப்பையும் மத்தளத்தையும் வழியிற் கைவிட்டு உயிரோடு மட்டும் மீண்ட ஊர்களிடம் பழைய நிழற்படம் கேட்கிறார்கள். அந்த ஊரிலே எஞ்சிய சான்று, எண்பது வயதில் முழுக் கூத்தையும் மனத்தில் வைத்திருக்கும் கிழவர் ஒருவரே. அவரைப் படிவத்தோடு பின்னிணைப்பாக இணைக்க இயலுமா?

இவ்விதிகள் யாவும் தீயவை என்று நாம் கூறவில்லை. சபைப் பணம் கணக்காய்வாளர் தலைமையதிபதியின் பார்வைக்கு உட்பட்டது. சான்றின்றிக் கொடுத்தால், நாளை அண்ணாவியாரின் பெயரால் வேறெவரோ தின்பர். விதி இருக்கட்டும், தொழிலறிந்து இருக்கட்டும்.

"குடிநீருக்கு வழியில்லாத ஊரிலே கூத்துக்கு ஏன் பணம்?" என்று கேட்போரும் நம்மிடையே உளர். நியாயமான கேள்விபோலத் தோன்றும். ஆயினும் இக்கேள்வி பொன்னாடைக்கு எழுவதில்லை; மாலைக்கும், அலங்கார வளைவுக்கும், விருந்தினர் சிற்றுண்டிக்கும் எழுவதில்லை. ஆண்டுதோறும் கலாசார விழா என்று ஒன்று நடக்கிறது. அதிலே விடியவிடிய ஆடவேண்டிய கூத்துக்குப் பதினைந்து நிமிடம் தருகிறார்கள். வரவு ஆட்டம் முடிவதற்குள் மணியடிக்கிறது. உரைகளுக்கோ மணி இல்லை. கலைக்கென ஒதுக்கிய தொகை கலைஞனைச் சுற்றியே செலவாகிறது. கலைஞன் கையில் விழுவதில்லை. அறுபது கடந்த கலைஞருக்கு அரசு வழங்கும் கலாபூஷண விருதை நாம் மதிக்கின்றோம். ஆனால் இருபது வயதில் ஆட வந்தவன் உடுப்புக்கு வழியின்றித் திரும்பிப் போனால், நாற்பதாண்டுக்குப் பின் விருது பெற ஊரில் எவர் இருப்பார்?

இனி நாம் படித்த பெருமக்களிடம் சில சொற்கள் கூறவேண்டும். நம்மிடையே கணக்காளர் உளர், சட்டத்தரணிகள் உளர், ஆசிரியரும் பொறியியலாளரும் ஓய்வுபெற்ற எழுதுவினைஞரும் ஊருக்கு ஊர் உளர். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் ஓரெழுத்துப் பிழைத்தால், அதனைத் திருத்த எத்தனை அலுவலகம் ஏறவேண்டும் என்று இவர்கள் அறிவர். ஒரு நாடக மன்றத்தைப் பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரிடம் பதிவு செய்வித்து, யாப்பு எழுதி, வங்கிக் கணக்குத் திறந்து, வரவு செலவுக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொடுக்க இவர்களுக்கு இரண்டு மாலைப்பொழுது போதும். அண்ணாவியாருக்கோ அது கடல். இவர்கள் அரங்கேற்றத்தன்று வேட்டி கட்டி முன்வரிசையில் வந்து அமர்கிறார்கள். "நம் மரபு அழிகிறதே" என்று நன்றாகவே பேசுகிறார்கள். பேச்சு எமக்கு வேண்டாம். இரண்டு மாலைப்பொழுது வேண்டும்.

இது நடவாத காரியமன்று. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கைக் கலைக்கழகம் அமைந்தது. அதன் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் சு. வித்தியானந்தன், பேராதனையில் அமர்ந்து விண்ணப்பம் வரட்டும் என்று காத்திருந்தவரல்லர். மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் சென்று அண்ணாவிமாரைத் தேடிக் கண்டார். அலங்கார ரூபன் நாடகத்தை 1962இலும், என்றிக் எம்பரதோர் நாடகத்தை 1964இலும் பதிப்பித்தார். கர்ணன் போர் 1962இலும், இராவணேசன் 1964இலும் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு மேடையேறின. படிப்பில்லாதவர் ஆட்டம் என்று பட்டினத்தார் ஒதுக்கிய கூத்து, அதன்பின் படித்தவர் பேசும் பொருளாயிற்று. அன்று பேராசிரியர் அண்ணாவியாரின் வாசலுக்குச் சென்றார். இன்று அண்ணாவியார் காரியாலய வாங்கிலே காத்திருக்கிறார்.

மொழி பற்றியும் ஒரு சொல். 1956இன் சட்டம் நம் மொழியை அலுவலக வாசலுக்கு வெளியே நிறுத்தியதை நாம் மறக்கவில்லை. ஆனால் 1988இன் பதினாறாந் திருத்தம், வடக்குக் கிழக்கின் நிருவாக மொழி தமிழே என்று எழுதியுள்ளது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். கூத்தின் சொல்லைக் கூத்தின் சொல்லாகவே எழுதுங்கள்: களரி, சல்லரி, வரவு, தரு, கட்டியகாரன். 'கலாசார மேம்பாட்டுச் செயற்றிட்டம்' என்று மூடி எழுதினால், வாசிப்பவருக்கும் விளங்காது, எழுதியவருக்கும் விளங்காது. எத்தனை பேர் ஆடுகின்றனர், எத்தனை இரவு பழகுவர், மத்தளத்துக்குத் தோல் மாற்ற என்ன செலவு, அண்ணாவியாருக்கு என்ன கொடுப்பனவு, ஒளிக்கும் ஒலிக்கும் என்ன வாடகை, ஊர் தன் பங்காக எதைத் தருகிறது என்று நேரே எழுதுங்கள். ஊர் தரும் நெல்லும் கிடுகும் இரவுச் சாப்பாடும் பணமே. அவற்றையும் கணக்கில் ஏற்றுங்கள். நம்மவர் இதனை எழுதுவதேயில்லை.

சபைகளிடம் நாம் கேட்பது பெரிதன்று. விண்ணப்பத்தைத் தையிலேயே கோருங்கள். அறுவடை முடியுமுன் முடிவைச் சொல்லுங்கள். முழுத்தொகையையும் பற்றுச்சீட்டுக்குப் பின் என்று நிறுத்தாமல், ஒரு பகுதியை முற்பணமாகக் கொடுங்கள். கையில் இருநூறு ரூபாய் இல்லாதவன் முதலில் செலவிட்டுப் பின்பு பெறுவது எங்ஙனம்? பதிவில்லாத குழுவுக்கு ஊர்ச் சனசமூக நிலையம் பொறுப்பேற்க இடங்கொடுங்கள். விலைமனுக் கிடையாத பொருளுக்கு, அத்தொழில் அறிந்த இருவரின் மதிப்பீட்டை ஏற்றுக்கொள்ளுங்கள். எவர் கேட்டார், எவருக்கு எவ்வளவு கொடுத்தீர், எவருக்கு ஏன் மறுத்தீர் என்பதை அறிவித்தற் பலகையில் ஒட்டுங்கள். ஒட்ட மறுக்கும் சபையிடம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி எழுத்திற் கேட்கலாம். பதினான்கு வேலைநாட்களுக்குள் முடிவைச் சொல்லியாக வேண்டும். உறுப்பினரின் மைத்துனர் மன்றத்துக்கு மூன்றாண்டு தொடர்ந்து கிடைத்ததா என்பதும் அவ்வழியிற் தெரியவரும்.

அடுத்த ஆண்டுக்குரிய பாதீடு முந்திய ஆண்டின் இறுதி மாதங்களிலேயே தயாராகிறது. சபையில் அது நிறைவேறிய பின் சென்று கேட்டால், "ஒதுக்கீடு இல்லை" என்ற விடை ஆயத்தமாகக் காத்திருக்கும். ஆகவே ஆவணியிலும் புரட்டாதியிலும், விதைப்பு நெருக்கடி தொடங்குமுன், மன்றத்தின் பெயரால் ஒரு கடிதம் தவிசாளருக்கும் வட்டார உறுப்பினருக்கும் போகட்டும். பாதீட்டு வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் நாட்களிலே, கமக்கார அமைப்பிலிருந்து ஒருவரும் கணக்கறிந்த ஒருவரும் சேர்ந்து சென்று, கலை என்ற தலைப்பின்கீழ் என்ன தொகை இருக்கிறது, அதில் விழாச் செலவு எவ்வளவு, கலைஞர் கைக்குச் செல்வது எவ்வளவு என்று பார்த்து எழுதிக்கொண்டு வரட்டும். எமக்கும் அனுப்பினால், அத்தொகைகளைச் சபை சபையாக இப்பத்தியில் வெளியிடுவோம்.