சாவு வீட்டு இசைக்கு 'மகிழ்ச்சி' என்று பெயர்

இந்த வாரம் முழுக்க 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் 'மகிழ்ச்சி' ஆல்பத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். டீச்சருக்கு இந்த வயதில் ராக் இசையா என்று சிரிப்பவர்கள் முழுதாகப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு இது. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறியது. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த 'சாதிபேதமற்றவர்' என்ற கருத்திலிருந்து வந்த பெயர்.

எலெக்ட்ரிக் கிட்டார், டிரம்ஸ், ராப். கூடவே கானா, பறை. சினிமாவில் பறை திருவிழாக் காட்சிக்கு வந்துவிட்டுப் போய்விடும். இதில் கிட்டாருக்குச் சரிசமமாக நிற்கிறது. கானா, வட சென்னையில் சாவு வீட்டில் விடிய விடியப் பாடியது. பறையை நம் செங்கம் பக்கம் எதற்குக் கூப்பிடுவோம், அடித்தவருக்கு எங்கே உட்கார வைத்துச் சோறு போடுவோம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அந்த இரண்டையும் சேர்த்து 'மகிழ்ச்சி' என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அந்தத் துணிச்சல்தான் எனக்குப் பிடித்தது. ('கபாலி'யில் ரஜினி சொன்ன அதே சொல்தான்!)

குறையும் உண்டு. சில பாட்டுகள் மேடைப் பேச்சு மாதிரி இருக்கின்றன. ஆனால் இடஒதுக்கீட்டைப் பற்றிய 'கோட்டா' அப்படியில்லை. வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போன என் பிள்ளைகள் விடுதியில் கேட்ட கேலிக்கெல்லாம் அதில் பதில் இருக்கிறது.

பறை லேசான வித்தை இல்லை. ஒரு கையில் நீண்ட மெல்லிய சிண்டு, இன்னொரு கையில் குட்டையான அடிக்குச்சி. இரண்டும் தனித்தனிக் கணக்கில் ஓட வேண்டும். வாசிக்கும் முன் தோலைத் தீயில் காய்ச்சி நாதம் ஏற்ற வேண்டும். மிருதங்கம் வாசித்தால் வித்வான், இவரை மட்டும் 'டேய்' என்று கூப்பிடுகிறோம்.

பதிவேட்டில் எழுத அப்பா என்ன வேலை என்று கேட்டால், தலையைக் குனிந்து "கூலி" என்று மட்டும் சொன்ன பையன் என் வகுப்பில் இருந்தான். அவன் அப்பா பறையை எடுத்தால் தெருவே நின்று கேட்கும். உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: இந்த ஆண்டு விழாவுக்கு அப்படி ஓர் அப்பாவை மேடைக்கு அழையுங்கள். சால்வை மட்டும் போதாது, சம்பளமும் கொடுங்கள்.

பாட்டுகள் யூடியூபில் இருக்கின்றன. போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பறையின் அடி அதில் விழாது.