ஊர்வலத்துக்கு மறுநாள்

2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் இண்ட்ராஃப் என்ற இந்து உரிமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுத் திரண்ட பல்லாயிரம் தமிழர்கள் காந்தி படங்களை ஏந்தி நின்றார்கள். பிரிட்டிஷ் தூதரகத்தில் மனு கொடுக்கப் புறப்பட்டவர்கள் மீது கண்ணீர்ப்புகையும் இரசாயன நீரும் பாய்ந்தன. கோயில் உடைப்பும் அடையாள அட்டைச் சிக்கலும் தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்ட வேதனையும் அன்று தெருவுக்கு வந்தன. ஊர்வலம் போய் என்ன கண்டோம் என்பவர்களுக்கு 2008 மார்ச் 8 தேர்தலே பதில். அப்போது ஆண்ட தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. ம.இ.கா. தலைவர் சாமிவேலு சுங்கை சிப்புட்டில் தோற்றார். தடுப்புக்காவலில் இருந்தபடியே இயக்கத் தலைவர்களில் ஒருவரான மனோகரன் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியை வென்றார்.

ஆனால் அந்த எழுச்சி ஏன் நிலைக்கவில்லை? 2007 டிசம்பர் 13 அன்றே உதயகுமார், மனோகரன் உள்ளிட்ட தலைவர்கள் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் (இசா) கைதானார்கள். மறு ஆண்டு இயக்கமே தடை செய்யப்பட்டது. விடுதலைக்குப் பிறகு தலைவர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். 2013-இல் இயக்கத்தின் இன்னொரு தலைவர் வேதமூர்த்தி துணையமைச்சரானார். அவருடைய அண்ணன் உதயகுமார் தேச நிந்தனை வழக்கில் சிறை சென்றார். நம் மக்கள் யாரை நம்புவது என்று தெரியாமல் நின்றார்கள். தலைவர்களின் தியாகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. எல்லாப் பாரத்தையும் அவர்கள் தோளிலேயே ஏற்றியது நாம்தான்.

அடக்குமுறைதான் காரணம், நம்மைக் குறை சொல்லலாமா என்று கேட்கலாம். விசாரணையின்றி அடைத்த அந்த இசா சட்டம் கொடியது, அதில் மறுபேச்சில்லை. ஆனால் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரக் கறுப்பின மக்களையும் பாருங்கள். 1955 டிசம்பரில் பேருந்தில் இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ் கைதான இரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற ஆசிரியை பேருந்தைப் புறக்கணிக்கச் சொல்லி விடிய விடியப் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அச்சடித்தார். பேருந்தைப் புறக்கணித்தவர்களை வேலைக்கு ஏற்றிப் போக எந்தக் கார் எந்த முனையில் நிற்கும் என்பது வரை திட்டமிட்டார்கள். மார்ட்டின் லூதர் கிங் உட்பட எண்பதுக்கும் மேற்பட்டோர் மீது வழக்குப் பாய்ந்தபோதும் கார்கள் ஓடின. 381 நாள் அந்த ஊர் தாங்கி நின்றது. கிங்கை உலகம் அறியும். அவரைத் தாங்கிய தேவாலயக் குழுக்களையும் பெண்கள் மன்றத்தையும் யார் அறிவார்?

நம் ஊருக்கு வருவோம். ஜொகூரில் கூலாய், குளுவாங், மாசாய் எங்கும் தோட்டத்து லயங்களை விட்டுத் தாமான் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்துவிட்டோம். சிதறி வாழ்பவர்களை எப்படிச் சேர்ப்பது என்பார்கள். ஆனால் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கோயில் நிர்வாகமும் இன்றும் நம் கையில்தான் இருக்கின்றன. எந்த வீட்டுப் பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை, எந்தக் கோயில் நிலத்துக்குப் பட்டா இல்லை என்று அங்கே ஒரு குறிப்பேடு இருக்கட்டும். நாளை மீண்டும் தெருவில் இறங்கும் நிலை வந்து, முன்னால் நடப்பவரைப் பிடித்துக்கொண்டு போனாலும், அந்தக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு பதிவிலாகாவுக்குப் போக இன்னொருவர் இருப்பார்.