எந்த என்.ஐ.டி.?

மதுரையில் ஒரு ப்ளஸ் டூ பையன் வீட்டில் போய் "என்.ஐ.டி.யில படிக்கப் போறேன்ப்பா" என்று சொன்னால் உடனே சந்தோஷம்தான். "திருச்சிதானே? துவாக்குடி. வாராவாரம் வீட்டுக்கு வந்துட்டுப் போயிரலாம்" என்பார் அப்பா. இல்லப்பா, இது அகமதாபாத், டிசைன் படிக்கிற இடம் என்றதும் முகம் மாறும். ஆங்கிலத்தில் கடைசி எழுத்து வேறு, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று. அப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை :-)

"டிசைனா? சேலைக்கு பார்டர் போடுறதா? அதுக்கு எதுக்கு நாலு வருஷம்?" இது அடுத்த கேள்வி.

இதில் கிண்டல் பண்ண ஒன்றுமில்லை. அந்தச் சொல் தமிழ் வீடுகளுக்குள் வந்ததே ஜவுளிக்கடை வழியாகத்தான். "வேற டிசைன் காட்டுங்க" என்போம். கொஞ்சம் கோணலான ஆளைப் பார்த்தால் "அவன் டிசைனே அப்படி" என்போம். ஒரு பொருள் யாருக்காக, எங்கே, எப்படிப் பயன்படப் போகிறது என்று யோசித்து அதை உருவாக்குவதற்குப் பெயரும் டிசைன்தான் என்பதை யாரும் வீடு தேடி வந்து சொல்லவில்லை.

1958ல் இந்திய அரசின் அழைப்பில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளத் தம்பதி நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதைத் தொடர்ந்துதான் 1961ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம், அதாவது அந்த இன்னொரு என்.ஐ.டி., வந்தது. இந்தியாவில் தாங்கள் பார்த்த பொருட்களில் அவர்கள் மிகவும் வியந்தது எதைத் தெரியுமா? செம்பை! சாதாரண தண்ணீர்ச் செம்பு. எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், கையில் எடுப்பதா இடுப்பில் வைப்பதா தலையில் வைப்பதா, காலியாக இருக்கும்போது சாயாமல் நிற்குமா, நிறைந்தபின் எப்படி, ஊற்றும்போது வாய் எப்படி இருக்க வேண்டும், உள்ளே கைவிட்டுக் கழுவ முடியுமா, என்ன விலை விழும் என்று கேள்விகளாக அடுக்கினார்கள். இத்தனைக்கும் விடை சொல்கிற ஒரு பொருளைத் தனியொருவர் செய்யவில்லை, தலைமுறை தலைமுறையாகப் பலர் சேர்ந்து செய்தார்கள் என்பது அவர்கள் வாதம்.

இதே கேள்விகளை வில்லாபுரத்தில் ஒரு பிளாஸ்டிக் குடத்தை வைத்துக் கேட்டுப் பாருங்கள். நடக்கும்போது தளும்பாமல் இருக்கக் குறுகிய கழுத்து, இடுப்பில் உட்காரும் வயிறு, கையைக் கோத்துப் பிடிக்க விளிம்பு. வரிசையில் ஐம்பது குடம் நின்றாலும் "அந்த ஊதாக் குடம் எங்களுது" என்று சொல்லும்படி நிறம். டிசைன் வகுப்பில் ஒரு வாரம் பேசலாம்.

அதுவும் வில்லாபுரத்தில் குடம் லேசான விஷயம் அல்ல. 1996ல் இந்தப் பகுதியிலிருந்து மாநகராட்சி கவுன்சிலரான மார்க்சிஸ்ட் கட்சியின் லீலாவதி குடிநீருக்காக நின்றவர். 1997 ஏப்ரல் 23 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். குழாய் எந்தத் தெருவரைக்கும் போகும், எத்தனை வீட்டுக்கு ஒரு குழாய், எத்தனை மணிக்குத் தண்ணீர், காத்து நிற்பவர் யார் என்பதெல்லாம் அரசியல் கேள்விகள்தான். அதே மூச்சில் அவை வடிவமைப்புக் கேள்விகளும்கூட. அதிகாலையில் அலாரம் வைத்துக் குழாயடிக்குப் போய் வளர்ந்த பெண்ணுக்கு இதில் ஒரு பாடமும் புதிதாக நடத்த வேண்டியதில்லை. அவள் அந்த வகுப்பில் இருந்தால் மற்றவர்கள்தான் அவளிடம் கற்றுக்கொள்வார்கள்.

நிற்க. அந்த வகுப்புக்குள் அவள் எப்படிப் போவது?

பட்ட வகுப்பில் டிசைன் படிக்கப் பெரிய வாசல்கள் மூன்று: என்.ஐ.டி. தேர்வு, நிஃப்ட் தேர்வு, ஐ.ஐ.டி.களுக்கான யுசீட் தேர்வு. மூன்றிலும் தமிழில் கேள்வித்தாள் இல்லை. மருத்துவத்துக்கான நீட் 2017 முதல் தமிழில் இருக்கிறது. பொறியியலுக்கான ஜே.இ.இ. மெயின் 2021 முதல் தமிழில் இருக்கிறது. தசையின் பெயரையும் வேதிச் சமன்பாட்டையும் தமிழில் கேட்க முடிகிறது. "இந்தப் பெட்டியைத் திருப்பினால் எந்தப் பக்கம் தெரியும்?", "மழையில் பேருந்துக்குக் காத்திருப்பவர்களை வரைக" என்கிற மாதிரிக் கேள்வியைத் தமிழில் கேட்க முடியாதாம். மொழிபெயர்க்க இதைவிடச் சுலபமான தேர்வு எது?

"உள்ளே போனால் பாடம் ஆங்கிலத்தில்தானே, பிறகு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. எம்.பி.பி.எஸ். பாடமும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. தமிழில் தேர்வு எழுதி உள்ளே போகிறவர் முதல் வருடம் திணறுகிறார், பிறகு பிடித்துக்கொள்கிறார். டாக்டருக்குச் சரியாக இருப்பது டிசைனருக்கு மட்டும் ஏன் ஆகாது?

பணம் இன்னொரு பூட்டு. நாலு வருடக் கட்டணம் பத்து லட்சத்தைத் தொட்டுவிடும். அரசுப் பள்ளியில் படித்து ஐ.ஐ.டி. போன்ற தேசிய நிறுவனங்களில் சேர்பவர்களின் முதல் பட்டப்படிப்புச் செலவை ஏற்பதாகத் தமிழக அரசு 2022ல் அறிவித்தது. நல்ல விஷயம். ஆனால் அந்த உதவி வாசலைத் தாண்டியவர்களுக்கு. வாசலிலேயே நிற்பவர்களுக்கு என்ன செய்வது?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. என்.ஐ.டி. பாடத்திட்டத்தில் கைவினைத் தொழில்களை நேரில் போய் ஆவணப்படுத்துவது ஒரு பகுதி. மதுரைச் சுங்குடி மாதிரி ஒரு தொழில் அதற்கு அருமையான பொருள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் கையால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் நனைத்து, முடிச்சை அவிழ்த்தால் புள்ளிகள் விரியும். 2005ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடைகளில் மெழுகு அச்சும் ஸ்க்ரீன் பிரிண்டும் அதே பெயரில் மலிவாகத் தொங்குவதால் முடிச்சுப் போடும் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. இந்தச் சிக்கலைப் பற்றி யோசிக்க மிகப் பொருத்தமான ஆள் யார்? முடிச்சுப் போடும் பாட்டியின் பேத்தி. இப்போதைய ஏற்பாட்டில் அவள் அந்த ஆவணத்தில் புகைப்படமாக வருவாள். எழுதுபவள் வேறு ஊர்.

தமிழர்கள் யாரும் போகவில்லையா என்றால், போயிருக்கிறார்கள். 2010 ஜூலையில் ரூபாய்க்கு வந்த குறியீட்டை வரைந்த உதயகுமார் கள்ளக்குறிச்சியில் பிறந்தவர். அவர் முதலில் படித்தது அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை. பிறகுதான் ஐ.ஐ.டி. மும்பையில் டிசைன் முதுகலை, அதன்பின் தமிழ் எழுத்துருவங்கள் பற்றி முனைவர் பட்டம். டிசைனில் ஆர்வமுள்ள தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு இன்றும் இதுதான் வழி, முதலில் வீட்டுக்குப் புரிகிற ஒரு பட்டம், பிறகு சுற்றி வந்து டிசைன். நாலைந்து வருடம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தவர்களுக்குச் சரி. முடியாதவர்கள் ஸ்க்ரீன் பிரிண்டிங் பட்டறையிலும் ஃப்ளெக்ஸ் கடையிலும் கோரல் டிராவோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மதுரை ஃப்ளெக்ஸைப் பார்த்துச் சிரிப்பவர்கள், காதுகுத்துக்கு வந்த நாற்பது தாய்மாமன் முகங்களையும் நாலு தலைவர்களையும் ஒரு புலியையும் ஒரே இரவில் ஒரு பலகைக்குள் அடக்கிக் காட்டட்டும். யார் முகம் எவ்வளவு பெரிது என்ற கணக்கில் ஒரு அங்குலம் தவறினாலும் உறவு முறிந்துவிடும் :-) அதுவும் ஒரு திறமை. பட்டம் இல்லை, அவ்வளவுதான்.

பெற்றோரின் பயத்தைக் குறை சொல்ல முடியாது. டிசைன் படித்தவர்களுக்கு நல்ல வேலை உண்டு, ஆனால் பெரும்பாலும் பெங்களூரிலும் மும்பையிலும். அக்கம்பக்கத்தில் "என் பையன் டிசைனர்" என்று சொன்னால் "எந்த டெய்லர் கடை?" என்று கேட்கும் வாய்ப்பு அதிகம். இது மாற ஓர் ஆளாவது போய்த் திரும்பி வர வேண்டும்.

தேர்வு தமிழில் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஓவிய வகுப்பைக் கணக்கு சாருக்குக் கடன் கொடுக்காமல் இருக்கலாம். ஓவியத்தில் லோயர், ஹயர் என்று அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகள் இருப்பதைப் பள்ளியில் சொல்லலாம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, தேதியைச் சொல்லலாம். எல்லா வீட்டிலும் மே மாதம் ரிசல்ட் வந்தபிறகுதான் "அடுத்து என்ன படிக்கலாம்?" என்று உட்கார்வார்கள். இந்த டிசைன் தேர்வுகளுக்கு விண்ணப்பம் போடுவது அதற்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களில். முதல் கட்டத் தேர்வுகள் டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் முடிந்துவிடும். ரிவிஷன் டெஸ்ட் எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அப்படி ஒரு தேர்வு நடந்தது என்பதே தெரியாது. இதைத் தீபாவளி லீவுக்கு முன்பே பன்னிரண்டாம் வகுப்பு நோட்டீஸ் போர்டில் ஒரு தாளில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும்.