சாவியை வாங்கி வைப்போம்

ரந்தாவ், சிலியாவ், லாபு வட்டாரத் தோட்டங்களில் ஒருவர் குடித்துவிட்டு வண்டியோட்டிப் பிடிபட்டால், அக்கம்பக்கத்தில் முதலில் கேட்கும் பேச்சு, "பாவம், மாட்டிக்கிட்டான்!" என்பதுதான். சாலைத் தடுப்புப் போட்ட போலீசின்மேல் கோபம், குடித்தவர்மேல் இரக்கம். இந்த இரக்கம் சரிதானா?

சட்டம் கடுமையாகிவிட்டது. 2020 அக்டோபர் 23இல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் மது 50 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம். முன்பு அந்த அளவு 80. முதல் குற்றத்திற்கே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. ஓட்டுநர் உரிமமும் குறைந்தது 2 ஆண்டுகளுக்குப் பறிபோகும், முன்பு ஓராண்டுதான். மோட்டார் சைக்கிளுக்கும் இதே சட்டம்தான்.

பேருந்து எட்டாத லயத்தில், பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் பாட்டி கிளினிக்கிற்குப் போவதும் அந்த ஒரு வண்டியில்தான். குடித்தவர் ஒருவர், தண்டனை குடும்பத்திற்கு. அதனால் உரிமத்தைப் பறிக்கக்கூடாது என்பாரும் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. எதிரே வருபவரின் வீட்டிலும் பிள்ளைகள் உண்டே! உரிமம் திரும்பக் கிடைக்கும், உயிர்?

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களது கோரிக்கைகளுள் ஒன்று. அவர்களுக்கிருந்த தெளிவு, பல்கலைக்கழகம் வந்த நமக்கு வேண்டாமா?

விடுமுறைக்குத் தோட்டம் திரும்பும் நண்பர்களே! கல்யாண விருந்திலோ திருவிழா இரவிலோ மாமா தள்ளாடி எழும்போது, "பார்த்துப் போங்க மாமா" என்று வழியனுப்பாதீர்கள். சாவியைக் கேட்டு வாங்கி, நாமே அவரை வீடு சேர்ப்போம். மறுநாள் ஏசினால் ஏசட்டும். ஏசுவதற்கு அவர் இருப்பாரே!