ஒரு வெள்ளி வைத்தியம் போதுமா?

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பிறந்து இன்று சிரம்பான், செனவாங், நீலாய், போர்ட்டிக்சன் என்று சிதறி வாழும் தமிழர்களின் கைத்தொலைபேசியில் பழைய தோட்டத்தின் பெயரிலோ தமிழ்ப்பள்ளியின் பெயரிலோ ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழு இருக்கும். அந்தக் குழுக்களில் அடிக்கடி வரும் செய்தி ஒன்று உண்டு: இன்னாருக்கு உடம்பு முடியவில்லை, சிகிச்சைக்கு இவ்வளவு வேண்டும், இதோ வங்கிக் கணக்கு எண். ஐந்து, பத்து, ஐம்பது வெள்ளி என்று பணம் சேரத் தொடங்கும். கூடவே எதிர்க்குரலும் எழும். "ஒரு வெள்ளிக்கு வைத்தியம் பார்க்கும் நாட்டில் வசூல் எதற்கு? பாதிக்கு மேல் ஏமாற்று வேலை. தமிழனுக்குக் கையேந்தவே தெரியும் என்று மற்றவர்கள் சொல்ல நாமே வழி செய்கிறோம்."

இந்தப் பேச்சு இப்போது விவரம் தெரிந்தவர்களின் பொதுக் கருத்தாகவே ஆகிவிட்டது. படித்தவர்கள் சொல்கிறார்கள், கோயில் கூட்டங்களிலும் சொல்கிறார்கள். அது தவறு என்பது என் உறுதியான எண்ணம். ஒவ்வொரு வாதமாக எடுத்துப் பார்ப்போம்.

"அரசு மருத்துவமனையில் ஒரு வெள்ளிதானே?"

உண்மைதான். குடிமக்களுக்கு வெளிநோயாளர் பிரிவில் ஒரு வெள்ளி, நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி, மூன்றாம் வகுப்பு வார்டில் நாளுக்கு மூன்று வெள்ளி. ஏழைக்கு இவ்வளவு மலிவாக வைத்தியம் தரும் நாடுகள் அதிகமில்லை. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த ஒரு வெள்ளி எதுவரை வரும்? மருத்துவரின் நேரத்துக்கும் வழக்கமான மருந்துக்கும் வரும். உடம்புக்குள் பொருத்தும் மூட்டு, முதுகெலும்புத் தகடு, இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி போன்றவற்றில் பலவற்றையும், மருத்துவமனைப் பட்டியலில் இல்லாத மருந்துகளையும் நோயாளியே வாங்கித் தரவேண்டி வரும். அங்கே கணக்கு ஆயிரங்களில் போகும்.

சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் வேண்டும். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். ஆண்டுக்கு 156 முறை. அரசு மருத்துவமனையில் இடம் கிடைக்காதவர் தொண்டு மையத்தையோ தனியார் மையத்தையோ நாட வேண்டும். உதவித்தொகை கிடைத்தாலும் வாடகை வண்டிக்கு யார் கொடுப்பது? பகாவிலிருந்து சிரம்பானுக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல், நடுவே புக்கிட் புத்துஸ் மலைப்பாதை. கதிரியக்கச் சிகிச்சை என்றால் கோலாலம்பூருக்கோ புத்ராஜெயாவில் உள்ள தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்கோ வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்கள் போய்வர வேண்டும். கூடப் போகும் மகனுக்கோ மருமகளுக்கோ அன்றைய சம்பளம் இல்லை. 2025 பிப்ரவரியில்தான் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியானது. அந்தச் சம்பளத்தில் வாழும் வீட்டை நோயைவிட வேகமாகப் போக்குவரத்துச் செலவும் வேலை இழப்பும் சாய்த்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. தோட்டத்திலேயே பிறந்தும் பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விடப்பட்டவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்காகவே 2011இல் 'மைடஃப்தார்' என்ற பதிவு இயக்கத்தை அரசு நடத்தியது. அதற்குப் பிறகும் அடையாள அட்டை கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு வெள்ளிக் கட்டணம் குடிமக்களுக்கு உரியது. ஆவணம் இல்லாதவர்களிடம் வெளிநாட்டவருக்கான கட்டணம் கேட்கப்படும். படுக்கைக்கு முன்பணமும் கேட்கப்படும். இவர்களிடம் போய் "ஒரு வெள்ளிதானே" என்று சொல்ல நமக்கு வாய் வருமா?

"சொந்தக்காரர்கள் பார்க்கட்டும். முகம் தெரியாதவர்களிடம் ஏன் கேட்க வேண்டும்?"

தோட்டத்தில் யாரும் தனியாக நோய்ப்பட்டதில்லை. மருந்து கொடுக்க டிரெசர் என்ற மருத்துவ உதவியாளர் இருந்தார், பெரிய தோட்டமென்றால் மருத்துவமனையே இருந்தது. தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்ய வேண்டும் என்று சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தியது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதி, குறைந்தபட்ச வசதிகள் சட்டமும் அதையே சொல்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் வீடு போகும், வீடு போனால் டிரெசரும் போவார்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது ஆள்தேவை குறைந்தது. சிரம்பானையும் நீலாயையும் சுற்றியிருந்த தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்து வீட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்களில் ஒருவர் ராசாவில், ஒருவர் மம்பாவில், மற்றவர் சிங்கப்பூரில் பாதுகாவலர் வேலையில். அண்டை வீடு என்ற ஒன்று போய்விட்டது. பழகிய மனிதர்கள் போகவில்லை. அவர்களை இன்று ஒன்றுசேர்த்து வைத்திருப்பது அந்தப் புலனக் குழுதான். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் ஒன்றாக நின்ற இருவரின் பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் நேரில் பார்த்திராமல் இருக்கலாம். "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டால் இரண்டே பேச்சில் உறவு தெரிந்துவிடும்.

முற்றிலும் முகம் அறியாதவர்கள் உதவினாலும் அதில் என்ன தவறு? 2021இல் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் தசைநார் நலிவு நோயுற்ற ஒரு சிறுவனுக்கு மருந்து வாங்க 18 கோடி ரூபாய் தேவைப்பட்டது. ஒரு வாரத்துக்குள் 46 கோடிக்கு மேல் சேர்ந்தது. ஒரு ரூபாய் போட்டவர்களும் அதில் உண்டு. மிஞ்சிய பணம் அதே நோய் கண்ட வேறு குழந்தைகளுக்குப் போனது. சொந்தக்காரர்கள் பார்க்கட்டும் என்று எல்லாரும் விட்டிருந்தால் அந்தக் குழந்தைகளின் கதி என்னவாகியிருக்கும்?

"பாதிக்கு மேல் ஏமாற்று."

ஏமாற்றுக்காரர்கள் இருக்கிறார்கள். பழைய படத்தைப் போட்டுப் பணம் கேட்பவர்களும், இறந்துபோனவரின் பெயரில் வசூலிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சரிபார்க்க வழியிருக்கும்போது சந்தேகத்தைக் காரணம் காட்டிப் பையை மூடிக்கொள்வது வெறும் சாக்கு.

அரசு மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப்பணிப் பிரிவு இருக்கிறது. நோயாளிக்கு எந்தக் கருவி வேண்டும், என்ன விலை, எந்த உதவிக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள் என்ற விவரத்தைக் குடும்பம் அங்கே எழுத்தில் கேட்டு வாங்கலாம். பணத்தை நோயாளியின் கையில் கொடுக்காமல் மருத்துவமனைக்கோ கருவி விற்கும் நிறுவனத்துக்கோ நேரே கட்டலாம். கணக்கு எண்ணின்மேல் சந்தேகம் என்றால் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் அதைத் தட்டிப் பார்த்து, அதன்மேல் புகார் உண்டா என்று தெரிந்துகொள்ளலாம். பணத்தை அனுப்பிய பிறகுதான் ஏமாந்தது தெரிந்தது என்றால் உடனே மோசடிப் புகாருக்கான 997 எண்ணை அழைக்கலாம். வீடுவீடாகவும் தெருவிலும் உண்டியல் ஏந்துவதற்கு 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல்துறை அனுமதி தேவை. அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

இத்தனையும் செய்வது பெரிய வேலையில்லை. குழுவில் இருவர் மருத்துவமனைக்குப் போய் விசாரித்து வந்து, வரவையும் செலவையும் எல்லார் கண்ணிலும் படும்படி போட்டால், ஏமாற்றுக்காரன் அந்தக் குழுவின் பக்கமே வரமாட்டான்.

"இது கையேந்தல். தன்மானத்துக்கு இழுக்கு."

இந்த வாதம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. நம் வரலாற்றையே மறந்துவிட்டுப் பேசும் பேச்சு இது. தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டியவர்கள் பால்வெட்டுத் தொழிலாளர்கள். அந்தப் பணத்தில் மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அதற்கு முன், 1950களில், 'தமிழ் முரசு' நாளிதழின் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறை நூலகத்துக்கு அந்தப் பணம் போனது. கொடுத்தவர்களில் தோட்டத் தொழிலாளர்களும் இருந்தார்கள். அதை இன்று யாராவது பிச்சை என்பார்களா?

நிலத்துக்கும் நூலுக்கும் கூடிக் கொடுத்தது பெருமை என்றால், உயிருக்குக் கூடிக் கொடுப்பது எப்படி இழிவாகும்? கேட்பவரின் மானத்தைக் காக்கவேண்டியது கொடுப்பவர்களின் பொறுப்பு. குழாய்களோடு படுத்திருக்கும் படம் வேண்டாம். அடையாள அட்டை எண் வேண்டாம். பணம் கொடுத்த பிறகு "அவர் புதுச் சட்டை போட்டிருக்கிறாரே" என்று பேசவும் வேண்டாம்.

"நாம் கொடுத்தால் அரசு கைகழுவிவிடும்."

இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது, ஆகவே கவனமாகப் பதில் சொல்ல வேண்டும். உடல்நலத்தைப் பேணுவது அரசின் கடமை. புலனக் குழு அதற்கு மாற்றாக முடியாது. ஆனால் அரசு கொடுக்கும் உதவி எது என்று தெரியாமலேயே நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். கருவிக்கும் மருந்துக்கும் பணம் இல்லாத நோயாளிகளுக்காக 2005இல் சுகாதார அமைச்சில் மருத்துவ உதவி நிதி ஏற்படுத்தப்பட்டது. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் சந்தா கட்டியவருக்குத் தகுதியிருந்தால் இயலாமை ஓய்வூதியமும் டயாலிசிஸ் உதவியும் உண்டு. ஊழியர் சேமநிதியிலிருந்து கடுமையான நோய்ச் சிகிச்சைக்குப் பணம் எடுக்கலாம். இவற்றுக்கு விண்ணப்பம் எழுதவும் ஆவணம் சேர்க்கவும் செம்பனைக் குலை வெட்டியே வாழ்ந்த ஒருவருக்குத் துணை வேண்டும். பணம் திரட்டும் குழுதான் அந்தத் துணையாகவும் நிற்கிறது; நிற்கவும் வேண்டும். விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை நோய் காத்திருக்காது. அந்த இடைவெளியைத் தாண்டவைப்பது நண்பர்களின் பணம். எத்தனை பேருக்கு எதற்காகத் திரட்ட நேர்ந்தது என்ற கணக்கு ஒரு குழுவிடம் இருந்தால், அதையே சட்டமன்ற உறுப்பினரின் மேசையில் வைத்துக் கேள்வி கேட்கலாம். வெறும் குற்றச்சாட்டைவிட அந்தக் கணக்கு அதிகம் பேசும்.

"குழந்தைக்குக் கொட்டுவார்கள், கிழவனுக்குக் கொடுக்க மாட்டார்கள்."

எதிர்ப்பவர்கள் சொல்வதில் இதை மட்டும் நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். மழலை முகத்துக்குப் பணம் குவிகிறது. கால் புண்ணோடு கிடக்கும் நீரிழிவுக்காரப் பெரியவருக்குப் பத்துப் பேர்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. தமிழ் பேசத் தெரிந்த, படம் போடத் தெரிந்த பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு உதவி சேர்கிறது, யாருமற்றவருக்குச் சேர்வதில்லை. இந்த அநியாயத்துக்கு மருந்து வசூலை நிறுத்துவதில் இல்லை. அப்போதைக்கப்போது திரட்டுவதை மாதச் சந்தாவாக மாற்றுவதில் இருக்கிறது. குழுவில் நூறு பேர் இருந்தால், ஆளுக்கு மாதம் பத்து வெள்ளி என்றால், ஆண்டுக்கு 12,000 வெள்ளி. முறையாகப் பதிவு செய்த ஒரு சங்கத்தின் பெயரில், இருவர் கையெழுத்தோடு அந்தக் கணக்கு இருக்கட்டும். யாருக்குக் கொடுப்பது என்பதை நோயின் தேவை முடிவு செய்யட்டும். மிஞ்சினால் அடுத்தவருக்கு என்பதை முன்பே எழுதி வைக்கட்டும்.

வசூலை எதிர்ப்பவர்களிடம் எனக்குப் பகை இல்லை. அவர்களில் பலர் ஒருமுறை ஏமாந்ததால் கசந்துபோனவர்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் சந்தேகத்தைக் குழுவின் வேலையாக மாற்றுங்கள். விசாரிக்கப் போகும் இருவரில் ஒருவராக நீங்கள் போங்கள், கணக்குப் புத்தகத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நம்பாதவர் கையில் கணக்கு இருந்தால் கொடுப்பவருக்கு இன்னும் நம்பிக்கை வரும். தோட்டம் கைவிட்டவர்களை, அரசின் கை எட்டுவதற்குள் தாங்கிப்பிடிக்க, தோட்டத்துப் பிள்ளைகளைவிட உரிமையுள்ளவர்கள் வேறு யாரும் இல்லை.