ஓசூர் தொழிலாளர்களிடம் இருக்கும் வரலாறு



இந்த இதழை ஓசூருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் ஒதுக்கியிருக்கிறோம். சென்னையிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர், பெங்களூரிலிருந்து 40 கிலோமீட்டர் என்பதால் ஓசூரைப் பெங்களூரின் புறநகர் என்றே பலரும் நினைக்கிறார்கள். அந்த நெருக்கம் ஊரை வளர்த்தது உண்மை. ஆனால் ஓசூருக்கென்று சொந்தமாக ஒரு நிலமும் வரலாறும் உண்டு.

கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக மேலேறும்போதே காற்று குளிரத் தொடங்கிவிடும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், மைசூர் பீடபூமியின் விளிம்பில் இருக்கிறது ஓசூர். நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை இந்தப் பக்கமாகத்தான் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. கெலவரப்பள்ளி அணை அதைத் தேக்குகிறது. சந்தைக்குப் போனால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் காதில் விழும்.

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் இப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. இங்குள்ள மேய்ச்சலையும் குளுமையையும் கண்ட ஆங்கிலேயர்கள் 1824-இல் மத்திகிரியில் குதிரைப்படைக்கான பண்ணையைத் தொடங்கினார்கள். அதுவே இன்று 1,600 ஏக்கர் அளவில் விரிந்திருக்கும் கால்நடைப் பண்ணை. பக்கத்துத் தொரப்பள்ளியில்தான் 1878-இல் ராஜாஜி பிறந்தார்.

ஓசூரின் போக்கை மாற்றியது சிப்காட். 1971-இல் தொடங்கப்பட்ட அந்த அரசு நிறுவனம், பின்தங்கிய மாவட்டமாக இருந்த அன்றைய தருமபுரியில், கர்நாடக எல்லையை ஒட்டித் தொழிற்பேட்டை அமைத்தது. நிலமும் சலுகையும் தமிழ்நாடு கொடுத்தது. பெங்களூரிலிருந்து பொறியாளர்கள் எளிதாக வந்தார்கள், உதிரிபாகங்களும் வந்தன. 1980-இல் அசோக் லேலண்டின் ஆலை வந்தது. அதே ஆண்டில் இங்கிருந்து புறப்பட்ட டிவிஎஸ் 50 மொபெட், பால்காரர் முதல் பள்ளி ஆசிரியர் வரை எத்தனையோ குடும்பங்களைச் சுமந்தது. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் 1984-இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், பிரான்ஸ் எபோஷ் என்ற பிரெஞ்சு நிறுவனத்திடம் தொழில்நுட்பம் பெற்றது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக் கடிகாரம் செய்ய வைத்தது. கண்ணுக்கே சரியாகத் தெரியாத பாகங்களை அவர்கள் கைகள் பிசகாமல் பொருத்தின. இன்று பாகலூர், பேரிகைப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் ரோஜா பூக்கிறது. போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டரும், ஓசூரை ஒட்டிய ஆலைகளில் கைப்பேசிப் பாகங்களும் உருவாகின்றன.

தொழிலாளர் கைகளில் சேரும் இந்த அறிவைப் பார்க்கும்போது தெற்குப் பிரான்சின் கிராஸ் நகரம் நினைவுக்கு வருகிறது. தோல் பதனிடும் ஊராக இருந்தது அது. தோலின் நாற்றம் போகக் கையுறைகளுக்கு மணமூட்டினார்கள். அதிலிருந்து வாசனைத் திரவியத் தொழில் வளர்ந்தது. அங்கே பூ வளர்ப்பவர் முதல் நறுமணம் கலப்பவர் வரை தலைமுறைகளாகக் கைமாறி வந்த அறிவை 2018-இல் யுனெஸ்கோ மானுட மரபுச் செல்வமாக ஏற்றது.

ஓசூரிலும் அப்படியொரு செல்வம் அரை நூற்றாண்டாகச் சேர்ந்திருக்கிறது. இன்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்பவர், ரோஜா மொட்டு எந்தப் பருவத்தில் வெட்டினால் விமானப் பயணத்தைத் தாங்கும் என்று அறிந்த பெண், இருபது வயதுப் பையனுக்கு லேத் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி ஆகியோரின் அறிவு ஆலைகளின் ஆண்டறிக்கைகளில் இல்லை. முதல் தலைமுறைத் தொழிலாளர்கள் ஓய்வுபெற்றுக்கொண்டிருக்கிறார்கள். இப்போது எழுதி வைக்காவிட்டால் எப்போதும் முடியாது.

இந்த உழைப்பைக் கொடுத்தவர்களுக்கு ஊர் திருப்பித் தர வேண்டியதும் உண்டு. 2019-இல் மாநகராட்சியான ஓசூரில், பெங்களூரின் கழிவுநீர் கலந்து தென்பெண்ணையில் நுரை பொங்குகிறது. அந்த ஆற்றைக் காப்பது இரு மாநிலங்களின் பொறுப்பு. வெளியூரிலிருந்து வந்து ஷிப்டு பார்க்கும் பெண்களுக்குப் பாதுகாப்பான தங்குமிடம் வேண்டும். புதிய ஆலைகளில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலையோடு தேர்ச்சியும் கிடைக்க வேண்டும்.

ஓசூரில் வேலை பார்த்தவர்கள், பார்ப்பவர்கள் எல்லோரும் எங்களுக்கு எழுதுங்கள். முதல் சம்பளம், கம்பெனி பஸ், தொழில் கற்றுத்தந்தவர், உங்கள் கைக்கு மட்டும் தெரிந்த நுணுக்கம் என எதுவானாலும் சரி. எழுதப் பழக்கமில்லை என்றால் உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அவர்கள் எழுதட்டும். வருகிற இதழ்களில் அவற்றைத் தொடர்ந்து வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்