நாலு பேர் என்ன செய்யலாம்?

வேலூர் சத்துவாச்சாரி வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் ஏதோ ஒரு தெரு. அங்கே பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதமாக அவன் சரியாக இல்லை. வாரத்தில் மூன்று நாள் அவன் வராதது டியூஷன் அக்காவுக்குத் தெரியும். கூப்பிட்டாலும் கிரிக்கெட்டுக்கு வருவதில்லை என்பது கூட்டாளிகளுக்குத் தெரியும். இரவு பதினொரு மணிக்கு சர்வீஸ் ரோட்டில் தனியாக உட்கார்ந்திருப்பதை மளிகைக் கடைக்காரர் கடையைப் பூட்டும்போது பார்க்கிறார். கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டதை வகுப்பாசிரியர் கவனித்திருக்கிறார். தட்டில் சோறு மிச்சமாவது பாட்டிக்குத் தெரியும். விடியும்போதே ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடி, இருட்டிய பிறகு வீடு திரும்பும் அம்மாவுக்குத் தெரிவது, பையன் முன்புபோல் பேசுவதில்லை என்பது மட்டும். ஆளுக்கு ஒரு துண்டு தெரிகிறது. துண்டுகளைச் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

இப்படி ஒரு பிள்ளை நம் எல்லாத் தெருக்களிலும் இருக்கிறது. 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குள் இருப்பவர்களில் ஏறத்தாழ 7 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கணக்கிட்டது. நாற்பது பேர் உட்காரும் வகுப்பறையில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

வேலூருக்கு இதில் தனியாக ஒரு பாடம் இருக்கிறது. நாம் அதை அதிகம் பேசியதில்லை. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள கணியம்பாடி ஒன்றியத்தில், சுமார் ஒரு லட்சத்து எட்டாயிரம் மக்களிடையே, 1992 முதல் 2001 வரை நேர்ந்த 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளின் சாவுகளை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவர்கள் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவு வெளியானது. பையன்களின் சாவுகளில் சுமார் நாலில் ஒன்று தற்கொலை. பெண் பிள்ளைகளின் சாவுகளில் பாதி முதல் முக்கால் பங்கு வரை தற்கொலை. பெண் பிள்ளைகளில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 148 பேர், பையன்களில் 58 பேர். 2001இல் எல்லா வயதினரையும் சேர்த்து நாடு முழுவதற்கும் அரசுப் பதிவேடு காட்டிய விகிதம் லட்சத்துக்குப் பத்து, பதினொன்றுதான்.

இரண்டு எண்ணுக்கும் நடுவில் ஏன் இத்தனை தூரம்? கணியம்பாடியில் சாவை மறைக்க முடியவில்லை. ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்ப் பெண்ணே சுகாதாரப் பணியாளர். யார் வீட்டில் பிறப்பு, யார் வீட்டில் இறப்பு என்பது அவர் வாயிலிருந்து செவிலியருக்கும், அங்கிருந்து மருத்துவருக்கும் போனது. வீட்டைத் தெரிந்த ஒருவர், அவருக்கு மேலே கேட்டுக்கொள்ள ஒருவர். அந்தக் கணக்கு இருபது ஆண்டுகளுக்கு முந்தையது. இன்றைய நிலவரம் வேறாக இருக்கலாம். ஆனால் அந்தச் சங்கிலி என் மனதை விட்டு அகலவில்லை. போன உயிரை எண்ண இவ்வளவு நேர்த்தியாக ஆட்களைக் கோத்த ஊர், இருக்கும் உயிரைத் தாங்கவும் கோக்க முடியும் என்றே நம்புகிறேன்.

பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957இல் தொடங்கப்பட்டது. சிகிச்சைக்கு வருபவருடன் வீட்டாரும் கூடவே தங்கவேண்டும் என்பது அங்கே வழக்கம். மருந்து மருத்துவர் கையில், ஆளைத் தேற்றுவது வீட்டார் கையில் என்ற புரிதல் அதற்குள் இருக்கிறது. ஆனால் வீடு மட்டும் போதாத வயது ஒன்று உண்டு. பதினைந்து வயதுப் பிள்ளை அப்பாவிடம் சொல்லாததை மாமாவிடம் சொல்லும். மாமாவிடமும் சொல்லாததைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லும். ஹவாய் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமை, குடி, சண்டை என்று எல்லாம் சூழ வளர்ந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒருவர் நல்லபடியாகத் தலையெடுத்தார்கள். அவர்களின் கதைகளில் திரும்பத் திரும்ப வருவது, தன்னை விட்டுவிடாத ஒரு பெரியவர். அது தாயாகவோ தகப்பனாகவோ இருக்கவேண்டும் என்றில்லை. பாட்டியோ, ஆசிரியரோ, அக்கம்பக்கத்தாரோ யாராகவும் இருந்தார்கள்.

அதனால்தான் தெருவில் நாலு பேர் போதும் என்கிறேன். ‘நாலு பேர் என்ன பேசுவாங்க’ என்று பிள்ளைகளை அடக்க நாம் பயன்படுத்தும் அதே நாலு பேர்தான். டியூஷன் அக்கா, மளிகைக் கடைக்காரர், கிரிக்கெட் ஆடும் கல்லூரி அண்ணன், வகுப்பாசிரியர். ஒருவர் போன் நம்பர் மற்றவரிடம் இருக்கட்டும். ‘பையன் ஒரு மாதிரி இருக்கான், நீங்க கவனிச்சீங்களா?’ என்று கேட்கிற அளவு பழக்கம் இருக்கட்டும். அந்த நாலு பேரில் பிள்ளைக்கு யாரைப் பிடிக்குமோ அவர் மட்டும் பேசினால் போதும். எல்லோரும் போய் ஆளுக்கொரு புத்தி சொன்னால் பிள்ளை இன்னும் ஒடுங்கிப்போகும்.

இதில் எனக்கு ஒரு பெரிய பயம் உண்டு. பெண் பிள்ளை என்றால் நம் தெருவில் அக்கறை சட்டென்று காவலாக மாறிவிடுகிறது. அவள் வாடியிருந்தால் முதல் கேள்வி ‘யார் அந்தப் பையன்?’ என்பதுதான். போனைப் பிடுங்குவோம், பள்ளியை நிறுத்துவோம், கம்பெனிக்கு அனுப்புவோம், மாப்பிள்ளை தேடுவோம். அவள் சாதி என்ன, அவன் மதம் என்ன என்று பேச்சு கடை வாசல்வரை போகும். கணியம்பாடிக் கணக்கில் பெண் பிள்ளைகளின் எண் ஏன் அத்தனை உயரத்தில் நின்றது என்று நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டை நினைத்துக் கேட்டுக்கொள்ளவேண்டும். தெரிந்ததை யாரிடம் சொல்வது என்பதைவிட, யாரிடம் சொல்லக்கூடாது என்பதில் உறுதியாக இருக்கத் தெரிந்தவர்தான் அந்த நாலு பேரில் இருக்கலாம். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் ரகசியம் காக்கக்கூடாது. அதையும் பிள்ளையிடம் முன்னமே சொல்லிவிடவேண்டும்.

பேசத் தயங்குகிறவர்களுக்கு ஒன்று. ‘செத்துப்போயிடலாம்னு தோணுதா?’ என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலரும் அஞ்சுகிறார்கள். அப்படி ஆவதில்லை, கேட்டவுடன் பாரம் இறங்கி அழுதுவிடுகிற பிள்ளைகளும் உண்டு. ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் தனியே விடக்கூடாது, அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போகவேண்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, பாகாயம் இருக்கிறது. எந்த நேரமும் அழைக்க மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழக அரசின் 104, குழந்தைகளுக்கு 1098 இருக்கின்றன. ‘என் பையன் என்ன பைத்தியமா?’ என்று அப்பா கோபப்படுவார். அவரோடு பஸ் ஏறிப் போய் வரிசையில் உட்கார ஒருவர் இருந்தால் அந்தக் கோபம் பாதி வழியிலேயே தணிந்துவிடும்.

கம்பெனிகளுக்கும் இதில் பங்கு உண்டு. ராணிப்பேட்டை முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரை தோலும் ஷூவும்தான் பல வீடுகளின் அடுப்பை எரிய வைக்கின்றன. ஷூ லைனில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களில் பலர் தாய்மார்கள். பள்ளியில் கூப்பிட்டால் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றால் எத்தனை முறை போவார்கள்? பருவத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேர பெர்மிஷன், சம்பளம் பிடிக்காமல். முதலாளிகள் சங்கம் கூடி ஒரே நாளில் முடிவெடுக்கக்கூடிய காரியம் இது. பள்ளி மேலாண்மைக் குழுவும் தன் பங்குக்குக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிப் பார்க்கலாம். வகுப்புக்கு எந்த மூன்று பிள்ளைகள் பேசுவதை நிறுத்தியிருக்கிறார்கள் என்று கட்டிடக் கணக்கு பார்க்கும் அதே கூட்டத்தில், பெயரை வெளியே விடாமல் கேட்கலாம். ஆட்சியர் அலுவலகம் நம் சத்துவாச்சாரியிலேயே இருக்கிறது. திங்கள்கிழமை குறைதீர் நாளில் ரோட்டுக்கும் பட்டாவுக்கும் மனு கொடுக்கிறோம். வார்டுக்கு ஒரு மனநல ஆலோசகர் வேண்டும் என்றும் ஒரு மனு கொடுக்கலாம்.

இதற்கெல்லாம் நாள் பார்க்க வேண்டுமென்றால், பிளஸ் டூ ரிசல்ட் நாளிலிருந்து தொடங்கலாம். வழக்கமாக மே மாதம் வரும். தோற்றவர்கள் அந்த ஆண்டே கல்லூரி சேர வழியாகத் துணைத்தேர்வு இருக்கிறது. அதற்கு எந்தத் தேதிக்குள், எங்கே விண்ணப்பிப்பது என்று தெருவில் ஒருவர் விசாரித்து வைத்திருக்கட்டும். எந்தெந்த வீட்டில் பிள்ளைகள் எழுதுகிறார்கள், அன்று சாயங்காலம் யார் எந்த வீட்டுக்குப் போவது என்று ஏப்ரலிலேயே பேசி வைத்துக்கொள்ளலாம். மார்க் கேட்கப் போகவேண்டாம். வாசலில் நின்று, ‘வாடா, டீ குடிச்சிட்டு வரலாம்’ என்று கூப்பிட்டால் போதும். வரமாட்டேன் என்றால் அங்கேயே திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம்.